சுவரை மூடுவதற்கு முன்

வீடு கட்டியபோது உளூச் செய்யும் இடத்தை ஆசையோடு அமைத்தோம். முதியவரான வாப்பா உட்கார ஒரு திண்டு, கைக்கெட்டும் உயரத்தில் குழாய், குளிர்காலத்திற்கு வெந்நீர் இணைப்பு என யாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். குடிபுகும் நாள் நெருங்கவே, சுவருக்குள் பதித்த குழாய்களைச் சோதிக்காமல் பூசிவிடச் சொன்னோம். அந்த அவசரம் எங்களுடையது, பிளம்பருடையது அன்று.

சில மாதங்களில் அண்டை வீட்டாரின் சுவரில் ஈரம் படர்ந்தது. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள்தாம் கூசி நின்றோம். டைல்ஸை உடைத்துப் பார்த்தால், ஒரு எல்போ இணைப்பில் பசை சரியாகப் பிடிக்காமல் நீர் கசிந்துகொண்டிருந்தது. முதலில் அவருடைய சுவரைச் சீராக்கினோம்; பிறகே எங்களுடையதை.

வீடு கட்டுவோர்க்கு எங்கள் வேண்டுகோள் இது: பூச்சு வேலைக்கு முன் குழாய்களின் முனைகளை அடைத்து, நீர் நிரப்பி, பம்பினால் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் அளவுமானியின் முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. வெந்நீருக்குச் சாதாரண பிவிசி வேண்டா; வெப்பம் தாங்கும் சிபிவிசி குழாயே தகும். மூடுமுன், அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அது உதவும்.

இரு கை அள்ளும் அளவான ஒரு 'முத்து' நீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தார்கள். எங்கள் உளூவிற்கான நீரோ, இரவும் பகலும் வீணாகக் கசிந்து, அண்டை வீட்டாரின் சுவரை அரித்தது. அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.