பூசை காண்பதும் நன்மை வாங்குவதும்

திண்டுக்கல்லைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பேச்செடுத்தால் பூட்டு, புகையிலை, பிரியாணி என்று மூன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக் கொள்வார்கள். வேதக்கோயில்களைச் சொல்ல மாட்டார்கள். பஞ்சம்பட்டி, வெள்ளோடு, மாரம்பாடி என்று சுற்றுப்புறத்துச் சமவெளியில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், ஊர் தெரிவதற்கு முன்னால் கோயிலின் உச்சிதான் கண்ணில் படும். நகரத்துக்குள் 1866-இல் தொடங்கி 1872-இல் கட்டி முடித்த புனித வளனார் பேராலயம் இருக்கிறது. அதன் மணியோசை கேட்டுத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம். நான் வேதக்காரன் அல்லன். ஆனால் என் காது பாதி வேதக்காரக் காது.

அந்தக் காதில் சிறு வயது முதல் விழுந்த சில சொற்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் பழைய தமிழில் பூசையைக் 'காண்பார்கள்'. நன்மையை 'வாங்குவார்கள்'. பாவசங்கீர்த்தனம் 'பண்ணுவார்கள்'. இப்போது திருப்பலி, நற்கருணை, ஒப்புரவு என்று புதுப் பெயர்கள் வந்துவிட்டன. நல்ல தமிழ்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய வினைச்சொற்களில் ஒரு கணக்கு இருந்தது. எது கண்ணுக்கு, எது கைக்கும் வாய்க்கும் என்று யாரோ அப்போதே பிரித்து வைத்திருந்தார்கள். செல்போன் வந்த பிறகு அல்லவா அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது!

செல்போனில் சாமி கும்பிடுவதா என்று முகம் சுளிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகங்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. ஜெபப் புத்தகம்தான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-இல். ஓலையிலிருந்து காகிதத்துக்குத் தாவ முதலில் துணிந்தவர்கள் காகிதத்திலிருந்து கண்ணாடித் திரைக்குத் தாவியதில் என்ன ஆச்சரியம்? நடுவில் வானொலி வேறு இருந்தது. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைச் சிற்றலையில் தேடிப் பிடித்துக் கேட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2018-இல் அந்தச் சிற்றலை நின்று, அதுவும் இணையத்துக்குள் போய்விட்டது.

தீமையும் கூடவே வந்தது என்பது மெய். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நாளைக்குள் நற்செய்தி, அனுப்பாவிட்டால் நஷ்டம் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அது புதிதல்ல. தபால் கார்டு காலத்திலேயே அந்தோனியார் பெயரிலும் ஏழுமலையான் பெயரிலும் இதே மிரட்டல் வந்தது. அப்போது மிரட்டுகிறவன் கைவலிக்க எழுத வேண்டும், கார்டுக்குக் காசும் கொடுக்க வேண்டும். இப்போது கட்டை விரல் போதும். வங்கிக் கணக்கு எண்ணைத் திரையின் அடியில் ஓட விட்டுக்கொண்டே கண்ணீர் வடிக்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. விட்டுவிடுகிறேன்.

என் எதிர் வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். எனக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். விதவை. ஒரே மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். 2018-இல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவரால் கோயிலுக்கு நடந்து போக முடியவில்லை. மகன் ஒரு செல்போன் வாங்கி அனுப்பினான். அதை இயக்கிக் கொடுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. வேளாங்கண்ணிப் பூசை, ரோமாபுரிப் பூசை எல்லாம் அந்த வீட்டுக் கூடத்துக்கு வந்தன. "தம்பி, கால் இருந்தபோது கூட நான் இத்தனை கோயில் பார்த்ததில்லை" என்பார்.

2019 ஆகஸ்டில் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழா வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் கொண்டு வந்து கொட்டுவார்கள். அத்தனையும் பெரிய பெரிய அண்டாக்களில் வெந்து, வருகிறவர்களுக்கெல்லாம் விடிய விடியப் பந்தி நடக்கும். எந்த மதம், என்ன ஜாதி என்று இலையில் உட்கார்ந்தவனைக் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. யாரோ அண்டாக்களைப் படம் பிடித்து யூடியூபில் போட்டிருந்தார்கள். போட்டுக் காட்டினேன். டீச்சர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "வாசனை வரலையே, தம்பி" என்றார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நானே போய் வாங்கி வந்தேன். இரண்டு கவளம்தான் சாப்பிட்டார். ஆனால் கையைக் கழுவ அவருக்கு அவசரமே இல்லை.

மறு வருஷம் கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் அடைத்தாயிற்று. ஏப்ரல் 12-ஆம் தேதி ஈஸ்டர். பேராலய மணி இருந்தது, உள்ளே போகத்தான் ஆளில்லை. மார்ச் 27-ஆம் தேதி மாலை மழையில் நனைந்த வெறும் சதுக்கத்தின் முன்னால் போப் பிரான்சிஸ் தன்னந்தனியாக நின்று ஜெபித்ததை நானும் டீச்சரும் அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தோம். அன்றைக்கு அந்தச் செல்போனை நான் மரியாதையோடு நினைத்தேன். உலகத்தில் அத்தனை பேரும் ஒரே வெறுமையை ஒரே நேரத்தில் காண வேறு எந்தச் சாதனத்தால் முடிந்திருக்கும்?

ஆனால் டீச்சருக்கு வேறு கவலை. பாஸ்கா காலத்தில் பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கியாக வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். புதுநன்மை வாங்கிய வயதிலிருந்து அவர் ஒரு வருஷம் கூடத் தவற விட்டதில்லை. பங்குச் சாமியாருக்குப் போன் போட்டு, "போனிலேயே சொல்லிவிடட்டுமா, சாமி?" என்று கேட்டார். கூடாது என்று சாமியார் நயமாகச் சொல்லிவிட்டார். ரோமாபுரியில் இதை எப்போதோ முடிவு செய்துவிட்டார்களாம். திருச்சபையும் இணையமும் என்ற பொருளில் 2002-இல் வெளியிட்ட ஏட்டிலேயே, இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். சாமியாரை அடைய வழியில்லாதவர்கள் மனஸ்தாபப்பட்டுக் கடவுளிடமே நேராகப் பேசுங்கள், வழி திறந்ததும் பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள் என்று போப் அந்த மார்ச்சிலேயே சொல்லியிருந்தார். டீச்சர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டர் பூசைக்கு அவர் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை உடுத்தி, முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க வேண்டிய இடங்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடுவில் பிரஷர் குக்கர் விளம்பரம் ஒன்று வந்தது. நான் பதறிப் போய் அதைத் தள்ளிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. திரையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டினார். டீச்சரின் வாய் லேசாகத் திறந்தது. அறுபது எழுபது வருஷத்துப் பழக்கம் அல்லவா? ஒரு கணம் அப்படியே இருந்துவிட்டு மெல்ல மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்களைத் திறந்தார்கள். 4-ஆம் தேதி மாதத்தின் முதல் வெள்ளி. நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்து நன்மை கொடுக்கும் நாள். சாமியார் முகமூடியோடு வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்காக நான் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே கால் மணி நேரம் ஆயிற்று. எண்பது வயதுக் கிழவி, நடமாட்டமே இல்லாதவர், அத்தனை நேரம் என்ன பாவம் சொன்னாரோ! சாமியார் போன பிறகு உள்ளே போனேன். செல்போன் அலமாரிக்குள் இருந்தது. "வீட்டுக்கு ஆள் வரும்போது அது எதுக்கு?" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பூசையைப் போட்டுக் கொடு, தம்பி" என்றும் சொன்னார். இரண்டும் அவருக்கு முரணாகப் படவில்லை.

2021 மே மாதம், இரண்டாவது ஊரடங்கில், டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். முதுமைதான், வேறொன்றுமில்லை. கூட்டம் கூடக் கூடாது என்று உத்தரவு. குவைத்திலிருந்து விமானமும் இல்லை. கல்லறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மகனுக்காக நான் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபம் முழுவதும் அவன் பார்த்தான், கேட்டான், கூடவே சொன்னான். பெட்டியை இறக்கினார்கள். சாமியார் மந்திரித்து விலகினார். ஒவ்வொருவராகக் குனிந்து மண்ணை அள்ளினார்கள்.

"அண்ணே" என்றது போன்.

"சொல்லுப்பா."

"எனக்கும் ஒரு பிடி போட்டுடுங்கண்ணே."

செல்போனை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்தேன்.