கைமாறிய பட்டம்: ஜொகூர் அரசக் கல்லறைகள்

ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கியில், கம்போங் மக்காம் என்னும் ஊரில், 1699ஆம் ஆண்டு கொலையுண்ட சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஷாவின் கல்லறை உள்ளது. 'மங்காட் டிஜூலாங்', அதாவது சுமந்து செல்லப்படும்போதே உயிர்நீத்தவர் என்று மலாய் மக்கள் அவரைக் குறிப்பிடுகின்றனர். கர்ப்பிணியான டாங் அனோம் அரச தோட்டத்துப் பலாச்சுளையை உண்டதற்காக அவள் வயிற்றைக் கிழிக்கச் சுல்தான் ஆணையிட்டதாகவும், அவள் கணவனான படைத்தலைவன் மெகாட் ஸ்ரீ ராமா, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் சுமந்து செல்லப்பட்ட சுல்தானை வழியிலேயே குத்திக் கொன்று பழிதீர்த்ததாகவும் மரபுக் கதை கூறுகிறது. கதையின் விவரங்கள் எப்படியிருப்பினும், அக்கொலையால் மலாக்கா அரச வமிசத்தின் நேர்வழி அறுந்தது. 1511இல் போர்த்துக்கீசியரிடம் மலாக்காவை இழந்த அவ்வமிசத்தார் ஜொகூர் ஆற்றங்கரையில் மீண்டும் அரசு அமைத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டிருந்தனர். மஹ்மூதுக்கோ அரியணை ஏற ஒரு மகன் இல்லை.

பட்டம் அடுத்துச் சென்றது பெண்டஹாரா குடும்பத்துக்கு. பெண்டஹாரா என்பது தலைமை அமைச்சரின் பதவி. அதுவும் பரம்பரையாகவே வந்தது. பெண்டஹாரா அப்துல் ஜலீல் சுல்தானாக முடிசூடியபோதும், கொலையில் தொடங்கிய ஆட்சி என்ற குறை அவரை விட்டு அகலவில்லை. கொல்லப்பட்ட மன்னருக்குத் தாம் பிறந்தவர் என்று உரிமை கோரிய ராஜா கெச்சில் 1718இல் தலைநகரைக் கைப்பற்றினார். 1722இல் பூகிஸ் இன வீரர்களின் துணையோடு அப்துல் ஜலீலின் மகன் சுலைமான் அரியணையை மீட்டாரெனினும், அதன் பின் உண்மையான அதிகாரம் பூகிஸ் தலைவர்களிடமே இருந்தது.

அடுத்த பிளவுதான் ஜொகூர் வரலாற்றின் போக்கையே மாற்றியது. சுலைமானின் வழிவந்த சுல்தான் மூன்றாம் மஹ்மூத் ஷா இறந்தபோது மூத்த மகன் ஹுசேன் பகாங்கில் இருந்ததால், இளையவர் அப்துல் ரஹ்மானையே அரண்மனையினர் சுல்தானாக்கினர். ஆனால் முடிசூட்டலுக்குரிய அரச சின்னங்கள் மறைந்த மன்னரின் மனைவி எங்கு புத்ரி ஹமீதாவிடம் இருந்தன. அவர் தர மறுக்கவே, டச்சுக்காரர்கள் 1822இல் அவற்றை வலிந்து பறித்தனர். அதற்கு முன்பே, 1819 பிப்ரவரி 6 அன்று, சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைப்பதற்காக ஆங்கிலேயரான ராஃபிள்ஸ் ஹுசேனைச் சுல்தான் என ஏற்று ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரே பட்டத்துக்கு இருவர், அவர்கள் பின்னால் இரு ஐரோப்பிய வல்லரசுகள். 1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு ஒப்பந்தம் அந்தப் பிளவை நிலையான எல்லையாக்கியது.

இவ்விருவருமன்றி மூன்றாவது கிளை ஒன்றே இறுதியில் நிலைத்தது. தெமெங்கோங் என்பது நாட்டின் காவலையும் ஒழுங்கையும் கவனித்த உயர் அதிகாரியின் பட்டம். அப்பதவியில் இருந்தவர்களும் பெண்டஹாரா அப்துல் ஜலீலின் வழியினரே. 1855இல் ஹுசேனின் மகன் அலி, சுல்தான் என்ற பட்டத்தையும் மூவாரை ஒட்டிய கெசாங் பகுதியையும் மாதம் 500 டாலரையும் பெற்றுக்கொண்டு, ஜொகூரின் ஆட்சியைத் தெமெங்கோங் இப்ராஹிமிடம் விட்டுக்கொடுத்தார். பட்டம் ஒருவரிடம், நாடு மற்றொருவரிடம் என்ற அந்த நிலையைக் கல்லறைகளே இன்றும் காட்டுகின்றன: ஹுசேன் மலாக்காவின் தெங்கேராவிலும், அலி அம்மாநிலத்தின் உம்பாயிலும் அடக்கமாகியுள்ளனர், ஜொகூர் மண்ணில் அவர்களுக்கு இடம் வாய்க்கவில்லை.

இப்ராஹிமின் மகன் அபு பக்கர் 1868இல் மகாராஜா எனப் பட்டம் சூடி, 1885 டிசம்பரில் பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தத்தால் சுல்தான் ஆனார். குருதி வழி உரிமை என்று எங்கும் பேசப்பட்டாலும், அந்த உரிமையை ஏற்பதற்கு ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது. பழைய அரச சின்னங்கள் இல்லாத அபு பக்கர் தமக்கென மகுடம் செய்வித்துக்கொண்டதும் இத்தேவையால்தான் எனக் கருத இடமுண்டு. 1895 ஏப்ரலில் அவர் வெளியிட்ட ஜொகூர் அரசியலமைப்பு, சுல்தானாக வருபவர் மலாய் இனத்தவராகவும் முஸ்லிமாகவும் ஆணாகவும் அரச வழித்தோன்றலாகவும் இருக்க வேண்டுமென எழுத்தில் வரையறுத்தது. அதே ஆண்டு ஜூன் 4 அன்று அவர் லண்டனில் இறந்தார். உடல் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று மஹ்மூதியா அரசக் கல்லறை என வழங்கும் இடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 21 வயது மகன் இப்ராஹிம் எழுதப்பட்ட அச்சட்டத்தின் கீழ் அரியணை ஏறி, 1959 வரை ஆண்டார்.