மணலில் பழுப்பு

ஏப்ரல் 3
கடல்மீன் தொட்டியின் மணலில் பழுப்பு. நேற்று ராத்திரி இல்லை. அல்லது நான் பார்க்கவில்லை. கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தேன், பொடியாக வந்துவிட்டது. உப்படர்த்தி 1.025, சூடு 28. எல்லாம் சரியாகத்தானே இருக்கு! அம்மா, "தொட்டிக்குள்ள டீத்தூளைக் கொட்டிட்டியா?" என்றாள்.

ஏப்ரல் 4
கொளத்தூர் மீன்கடை. "புது டேங்க்ல வரத்தான் சார் செய்யும், விடுங்க." விடணுமாம். நத்தை வாங்கினேன். விலையை எழுத வேண்டாம்.

ஏப்ரல் 6
காலையில் துடைத்தேன், சாயந்திரம் மறுபடி பழுப்பு. தோள்பட்டை வலி. விரலிடுக்கில் உப்பு எரிகிறது. பாறை ஓரத்தில் குமிழி. நூல் நூலாக ஏதோ ஆடுகிறது. டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் டைனோ நுண்பாசியோ? நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. டைனோவுக்கு அந்தப் பூஜ்யம்தான் கொண்டாட்டம். தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 7
பழுப்பை உறிஞ்சி பாட்டிலில் போட்டுக் குலுக்கி, தாளில் வடிகட்டி, விளக்கடியில் வைத்தேன். டைனோ என்றால் ஒரு மணி நேரத்தில் மறுபடி கூடிப் பின்னிக்கொள்ளும். ஆபீஸ் போன் அடித்தது, எடுக்கவில்லை. ஒன்றும் கூடவில்லை. அப்பாடா. சாப்பிடும்போது சந்தேகம்: தாள் சரியில்லையோ?

ஏப்ரல் 8
அண்ணன் மகளின் மைக்ராஸ்கோப். பொன்பழுப்பில் படகு படகாக. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி ஓடு. ஒன்று நேராக வழுக்கிப் போனது, நின்றது, திரும்பாமல் வந்த வழியே பின்னால் போனது. டயாட்டம் பாசிதான். "அழகா இருக்கு சித்தப்பா!" அழகுதான். துடைக்க மனசில்லை. கொஞ்ச நேரத்துக்கு.

ஏப்ரல் 9
அந்த ஓட்டுக்குச் சிலிகேட் வேண்டும். எங்கிருந்து? ஆர்.ஓ. தண்ணீரில் மீட்டர் 4 காட்டுகிறது. ஆர்.ஓ.வுக்குப் பின் வடிகட்டும் டி.ஐ. ரெசின் மேல்வரை நிறம் மாறிவிட்டது. ரெசின் தீரும்போது முதலில் நழுவுகிறவற்றில் சிலிகாவும் ஒன்று. போன மாசம்தான் போட்டது! எங்கள் போர் தண்ணிக்கு எந்த ரெசின் தாங்கும்? புதுசு போட்டேன். 0.

ஏப்ரல் 13
பழுப்பு அப்படியே. மத்தியானம் கரண்ட் இல்லை, தண்ணீர் 30. க்ளௌன் மீன் இரண்டும் மேலேயே நிற்கின்றன. தொட்டியை விற்றுவிடலாம். விற்க மாட்டேன். கசகசவென்று வேர்வை.

ஏப்ரல் 18
பாறையில் குறைவு. மணலில் அதிகமோ? இனி துடைப்பதில்லை என்று முடிவு. சாயந்திரம் துடைத்தேன். நைட்ரேட் பூஜ்யத்தை விட்டு ஏறட்டும் என்று மீனுக்கு ஒரு சிட்டிகை கூடுதலாகத் தீனி.

ஏப்ரல் 24
கண்ணாடியில் ஒன்றுமில்லை. மணல் முக்கால்வாசி வெள்ளை. பின்மூலையில் பச்சைப் புள்ளிகள். சனியன், அடுத்தவன் வந்தாச்சு. ஆனாலும் பச்சை தேவலை, அதை நத்தை தின்னும். நைட்ரேட் 5. ஞாயிற்றுக்கிழமை உப்பு வாங்கணும்.