என்ஜினுக்கு ஏற்ற ஹெட்

பெரியது யாவும் சிறந்தது என எண்ணுவது மனித இயல்பு. அமெரிக்காவில் வாழும் நான், என் 1969-ஆம் ஆண்டுச் செவர்லே கமாரோ காருக்குப் புதிய சிலிண்டர் ஹெட் வாங்க முனைந்தபோது இவ்வெண்ணமே மேலோங்கி நின்றது. ஈராண்டுச் சேமிப்பு கையிலிருந்தது.

அக்காரின் என்ஜின் 350 கன அங்குலக் கொள்ளளவு உடையது. அதன் மேற்புறம் அமர்ந்து, காற்றும் பெட்ரோலும் உட்புகவும் புகை வெளியேறவும் வழிதருவதே சிலிண்டர் ஹெட். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டிற்கு மாற்றாகப் பிற நிறுவனத்தார் அலுமினிய ஹெட்டுகளைச் செய்து விற்கின்றனர். அவற்றின் எடை ஏறத்தாழப் பாதியே. வெப்பத்தையும் விரைந்து கடத்தும்.

காற்று புகும் வழியின் அளவுதான் தேர்வைக் கடினமாக்குகிறது. 180 கன சென்டிமீட்டரும் உண்டு, 220-ம் உண்டு. பட்டறைப் பெரியவர் ஒருவர், "பெரும்பாலும் எந்த வேகத்தில் ஓட்டுவீர்கள்?" என்று மட்டுமே வினவினார். வழி மிக அகன்றால், என்ஜின் மெல்லச் சுழலும்போது காற்றின் விரைவு தளர்ந்து இழுவை குன்றும். பந்தயக்காரருக்கு அது குறையன்று. மனைவி மக்களோடு ஊருக்குள் செல்வோர்க்குக் குறையே.

எரியறையையும் நோக்கவேண்டும். 76 கன சென்டிமீட்டருக்குப் பதில் 64 ஆயின் அழுத்த விகிதம் உயர்ந்து ஆற்றல் கூடும். அளவு மீறினாலோ, சாதாரணப் பெட்ரோலில் 'நாக்கிங்' எழும்.

நான் 180-ஐயே தேர்ந்தேன். எண்ணைச் சொல்லிப் பெருமை கொள்ள இயலாது. ஆயினும் சிக்னலில் நின்று புறப்படுகையில் கார் தயங்குவதில்லை. தேவையை அறிந்தவனுக்கே தேர்வு எளிதாகும்.