இருள் சூழ்ந்த கதைகளில் ஷோபா

தமிழ்த் திரைப்படங்களில் கதைத்தலைவி கண்ணீர் வடிப்பது புதிதன்று. கண்ணீரின் அளவைக் கொண்டே நடிப்பின் தரத்தை மதிப்பிட்ட காலமும் ஒன்று இருந்தது. நீண்ட வசனம், நடுங்கும் குரல், நெஞ்சில் அறைந்துகொள்ளும் கை ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால் 'உருக்கமான நடிப்பு' என்று சிராங்கூன் சாலை முடிதிருத்தகத்திலும் பேசுவார்கள், சென்னை மாம்பலத்திலும் பேசுவார்கள். இம்மரபுக்குள் வந்து, குரலை உயர்த்தாமலே துன்பத்தைப் புலப்படுத்திய ஓர் இளம்பெண்ணின் பெயர் ஷோபா.

இயற்பெயர் மகாலட்சுமி. பிறந்தது 1962-ஆம் ஆண்டு. ஜே. பி. சந்திரபாபு இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்னும் படத்தில் 1966-இல் குழந்தையாகத் திரையில் தோன்றியவர். தமிழில் அவரது பெயரை நிலைநிறுத்திய படங்களெல்லாம் 1978-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் அடங்கிவிடுகின்றன.

அவற்றுள் முதலில் கருதத்தக்கது கே. பாலசந்தரின் 'நிழல் நிஜமாகிறது' (1978). சிற்றூரிலிருந்து வீட்டுவேலைக்கு வரும் திலகம் என்னும் பெண், அவ்வீட்டு இளைஞனால் ஏமாற்றப்படுகிறாள். பழியை ஏற்க அவன் மறுக்கிறான். அவளைக் காத்து நிற்பவன், காது மந்தமான வேலைக்காரன் காசி. இறுதியில் ஏமாற்றியவன் மனம்மாறி வந்து கைநீட்டும்போது, திலகம் அவனை ஏற்க மறுத்துக் காசியோடு வாழத் துணிகிறாள். 'கெடுத்தவனே தாலி கட்டட்டும்' என்று பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லிப் படத்தை முடித்துவந்த திரையுலகில் இது சிறிய செய்தியன்று. அதைச் சொல்லும் இடத்தில் ஷோபா வீரவசனம் பேசும் பெண்ணாக மாறிவிடவில்லை. அதே வேலைக்காரப் பெண்ணாகவே நிற்கிறார். முடிவு நம்பத்தக்கதாக இருப்பதற்கு அதுவே காரணம் எனலாம்.

அதே ஆண்டில் வந்த மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' பலரும் அறிந்த படம். உமாசந்திரனின் புதினத்தைத் தழுவியது. கையை இழந்த அண்ணனின் பிடிவாதத்துக்கும் தான் விரும்பியவனுக்கும் இடையே நிற்கும் வள்ளியைப் பற்றி மீண்டும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

விரித்துரைக்க வேண்டியது துரை இயக்கிய 'பசி' (1979). சென்னைச் சேரியொன்றில் ரிக்சாத் தொழிலாளியின் மகள் குப்பம்மா. தெருவில் காகிதம் பொறுக்கிப் பிழைப்பவள். அவளுக்கு உணவு வாங்கிக் கொடுத்து நெருங்கும் லாரி ஓட்டுநர் ஒருவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். அவன் மணமானவன் என்பது பின்னரே தெரியவருகிறது. திலகத்துக்கு நேர்ந்ததும் குப்பம்மாவுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் திலகத்துக்கு மறுத்துச் சொல்ல ஓரிடம் கிடைத்தது. குப்பம்மாவுக்கு அதுவும் இல்லை. வறுமையைக் காட்டிய தமிழ்ப் படங்கள் பல உண்டு. வறியவருக்குச் சீற்றமோ தத்துவமோ கொடுத்து அவை நம்மை ஆற்றுப்படுத்தி அனுப்பும். 'பசி' அந்த ஆறுதலைத் தருவதில்லை. ஒரு வேளைச் சோற்றைக் கண்டதும் அப்பெண்ணின் முகத்தில் எழும் மகிழ்ச்சியே பார்ப்பவரை அச்சுறுத்துகிறது.

இப்படத்துக்காக ஷோபா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். தமிழ்ப் படமொன்றுக்காக அவ்விருது அதற்கு முன் ஒருமுறையே, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தில் நடித்த இலட்சுமிக்குக் கிடைத்திருந்தது. ஷோபாவுக்கு அடுத்த ஆண்டு, பம்பாய்ச் சேரிப் பெண்ணாக 'சக்ரா'வில் நடித்த ஸ்மிதா பாட்டீல் அதே விருதைப் பெற்றார் என்பதும் நோக்கத்தக்கது.

ஷோபா 1980 மே 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது பதினேழு. பாலு மகேந்திரா இயக்கிய 'மூடுபனி' அதன்பின்னரே வெளிவந்தது. மனநோயுற்ற கொலையாளி ஒருவனால் மலைநகர் வீட்டில் அடைத்துவைக்கப்படும் பெண்ணாக அதில் அவர் நடித்திருந்தார். அவருடைய 'உள்கடல்' என்னும் மலையாளப் படத்தை இயக்கிய கே. ஜி. ஜார்ஜ், நடிகை ஒருத்தியின் மரணத்தைக் கருவாக வைத்து 1983-இல் 'லேகயுடெ மரணம் ஒரு பிளாஷ்பேக்' எடுத்தார். அது ஷோபாவின் கதையே எனப் பலரும் கருதினர். அன்றுமுதல் அவர் படங்களைப் பார்ப்பவர் பலர், ஒவ்வொரு காட்சியிலும் வரப்போகும் சாவின் சாயலைத் தேடுகின்றனர். இஃது அவருக்குச் செய்யும் அநீதி. குப்பம்மாவின் துயரம் நடித்தவரின் தலைவிதியிலிருந்து கசிந்ததன்று. கற்றும் கேட்டும் பயின்றும் உருவாக்கப்பட்டது. மகாலட்சுமி சேரியில் வளர்ந்தவரல்லர். தாயார் பிரேமா மலையாளத் திரைப்பட நடிகை. சென்னைச் சேரியின் பேச்சை அவர் நாவில் ஏற்றிக்கொண்டதை ஓர் உழைப்பாக மதிப்பதே முறை.

அந்தப் பேச்சைப் பற்றித் தமிழாசிரியர்க்குச் சொல்ல ஒன்றுண்டு. சென்னைத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே வலுவானது. சிங்கப்பூரிலோ, 2005-ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப்பின் பேச்சுத் தமிழ் வகுப்பறைக்குள் முறையாக நுழைந்தது. அது பொதுமையான, திருந்திய பேச்சு. சேரி வழக்குக்கு அங்கே இடமில்லை. மாணவர்க்குப் பேசக் கற்பிக்கும்போது அவ்வரையறை தேவைதான். கலையைச் சுவைக்கக் கற்பிக்கும்போதும் அதுவே அளவுகோலாக வேண்டுமா? பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் மேனிலைத் தமிழ் பயிலும் ஒரு மாணவிக்கு வயது பதினாறு, பதினேழு இருக்கும். குப்பம்மா வாய்திறந்ததும் அவள் சிரிக்கக்கூடும். சிரிப்பைக் கண்டிக்க வேண்டியதில்லை. குப்பம்மா பேசும் நான்கு வரிகளை எழுத்துத் தமிழில் பெயர்த்து எழுதிவரச் சொல்லலாம். மறுநாள் அவற்றை உரக்கப் படிக்கச் செய்து, பேசுபவள் நேற்றிலிருந்து இன்றுவரை சாப்பிடாதவளாகத் தோன்றுகிறாளா என்று வகுப்பாரையே கேட்கலாம்.