நான் கொடுத்த கப் எல்லாம் எங்கே போச்சு?

என் ஊர் பொன்னமராவதி. "புதுக்கோட்டை மாவட்டமா? அப்போ கடல் பக்கம்தானே?" என்று ஹாஸ்டலில் கேட்பார்கள். கடல் இருக்கு, ஆனா அது கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கம். நாங்க எதிர் மூலை. எனக்குத் தெரிந்த பெரிய கூட்டம் கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாதான்.

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. இன்டர்வியூ இருக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திருவல்லிக்கேணியில் மாமா வீட்டில் தங்கினேன். ஜனவரி 16, காணும் பொங்கல். மாமா பிள்ளைகளோடு மெரினாவுக்குப் போனேன். அந்தக் கூட்டத்தை நீங்க பார்த்ததில்லை என்றால் சொல்லிப் புரியவைக்க முடியாது. கடலில் குளிக்கத் தடை, கரையோரம் தடுப்பு, சின்னப் பிள்ளைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை. சுண்டல், பஜ்ஜி, டீ. நானும் டீ குடித்தேன். கப்பை எங்கே போட்டேன்? சத்தியமா ஞாபகம் இல்லை.

மறுநாள் விடியக்காலை ஃப்ரெண்ட் போன் பண்ணினான். "பீச் கிளீனிங் போறோம், வர்றியா?" போட்டோ போடலாம் என்றுதான் போனேன், ஒத்துக்கிறேன்.

தூய்மைப் பணியாளர்கள் எங்களுக்கு முன்னாடியே வேலையில் இருந்தார்கள். மணலைச் சலிக்கும் வண்டி ஒரு பக்கம் ஓடியது. ஆனால் மிதிபட்டுக் கிழிந்து, மணலில் பாதி புதைந்த கப்பும் ஸ்ட்ராவும் கையால்தான் எடுக்கணும். அரை மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போச்சு. பக்கத்தில் ஒரு அக்கா நிமிராமலே எடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கப்பை நசுக்கிப் போடுப்பா. சாக்கு சீக்கிரம் நெறையுது."

கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து வந்திருந்தியா?"

"ஆமாக்கா."

"நல்லா இருந்துச்சா?"

குத்திக்காட்டலை. நிஜமாத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரலை.

ஒரு கப்பைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் படலம். பேப்பர்தானே, மக்கிடும் என்று நினைப்போம் இல்லையா? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களில் இந்தக் கப்பும் உண்டு. எனக்கு அன்றைக்கு ராத்திரி கூகுள் பண்ணித்தான் தெரிந்தது.

அந்த மாதம் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குக் காரணமாகச் சொன்னது மீன்பிடி வலைகளை, நம்ம கப்பை இல்லை. எல்லாப் பழியையும் குப்பை மேல் போடுவதும் தப்பு. ஆனா 'பங்குனி' என்ற வார்த்தை என்னைக் கொன்னையூருக்கு இழுத்துட்டுப் போச்சு.

திருவிழாவுக்கு வருஷா வருஷம் எங்க தெருப் பசங்க நீர்மோர்ப் பந்தல் போடுவோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கப்பில் ஊத்திக் கொடுக்கிறது என் வேலை. காலையில் பால்குடம் எடுத்து வருகிறவர்களிடம் கப்பை நீட்டும்போது அப்படி ஒரு பெருமை. வாங்கிக் குடித்து, பத்தடி தள்ளிப் போட்டுட்டுப் போவாங்க. மறுநாள் நாங்க பத்து மணி வரைக்கும் தூங்குவோம். எழுந்து பார்த்தால் ரோடு சுத்தமா இருக்கும். யார் பெருக்கினாங்கன்னு ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

போன வாரம் பந்தல் போடும் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "இந்த வருஷம் எவர்சில்வர் டம்ளர் வைக்கலாமாண்ணே?"

"வைக்கலாம்டா. கழுவுறது யாரு? நீ வருவியா?"

வர்றேன்னு சொல்லிட்டேன். பங்குனியில்தான் எங்க ப்ராஜெக்ட் ரிவ்யூவும் வரும், தேதி இன்னும் போடலை. உங்க டிபார்ட்மென்ட்டுக்கு அப்போ லீவு கிடைச்சா கிளம்பி வாங்க. மோர் ஃப்ரீ. டம்ளர் கழுவ இன்னும் நாலு பேர் வேணும்.