கண்டெஸ்ஸாவின் குரல்

பொள்ளாச்சிக்காரர்கள் கார் வாங்குவதும் சந்தையில் மாடு வாங்குவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்க விட்டுப் பார்ப்பார்கள். பிறகுதான் விலை பேசுவார்கள். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு 1920-ல் தம் முதல் பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையேதான் ஓட்டினார். நூறு வருஷத்துக்கு மேல் பழகிவிட்டதால் இந்தப் பக்கத்தில் இன்ஜினைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளைப் பார்ப்பது அரிது. என் போன்ற கதை எழுதுகிறவனிடம்கூடக் கேட்பார்கள்.

அப்படித்தான் அக்கா வீட்டு கண்டெஸ்ஸா விவகாரம் என்னிடம் வந்து சேர்ந்தது.

கண்டெஸ்ஸாவை இளைய வாசகர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 1970-களில் ஓடிய வாக்ஸ்ஹால் விக்டரின் உடம்பு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைக் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1980-களிலிருந்து 2002 வரை தயாரித்தது. நீண்ட மூக்கு, அகன்ற தோள், பின் சக்கரத்தில் இழுவை. ஆனால் முதலில் அதற்குள் வைத்ததோ அம்பாஸடரின் 1489 சி.சி. இன்ஜின்! பயில்வானுக்குப் பள்ளிக்கூட வாத்தியாரின் நெஞ்சை வைத்த கதை. பிறகு ஜப்பானிய இஸுஸுவின் 1817 சி.சி. இன்ஜின் வந்தது, 88 குதிரைச் சக்தி. மச்சான் வாங்கியது அந்த ரகம். அவர் காலமாகி மூன்று வருஷமாகக் கொட்டகையில் நின்றது.

அக்கா மகன் அதை ஓட வைக்க ஆசைப்பட்டான். நல்ல ஆசைதான். ஆனால் அவன் கைத் தொலைபேசியில் இருந்த படங்கள் எல்லாம் அமெரிக்க முரட்டுக் கார்களுடையவை. 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வுக்கு 6.4 லிட்டர் இன்ஜின், 325 குதிரைச் சக்தி. அந்த ஜாதிக் கார்களில் போடும் ஹோலி கார்புரேட்டர் போல ஒன்று வேண்டும், நாலு தனிக் குழாய் வைத்த எக்ஸாஸ்ட் வேண்டும் என்றான்.

"மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க" என்றான்.

மெக்கானிக் பெரியவர் என்னைவிடப் பொறுமைசாலி. சாக்பீஸை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டார். இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழு மூச்சு இழுக்கும். நிமிஷத்துக்கு 5500 சுற்று என்றாலும் 2750 மூச்சு, மூச்சுக்கு 1.8 லிட்டர். ஆக, சுமார் 5000 லிட்டர் காற்று. அதிலும் உண்மையில் நிறைவது ஐந்தில் நாலு பங்கு. அமெரிக்கர்கள் சாதாரணமாகப் போடும் 600 கன அடி ஹோலியோ நிமிஷத்துக்கு 17,000 லிட்டர் விடக் கூடியது.

"வாய் பெருசா இருந்தா நல்லா உறிஞ்சும்னு நெனைக்கிறீங்க கண்ணு. அப்படி இல்லீங்க. தொண்டை குறுகலா இருந்தாத்தான் காத்து வேகமாப் போகும். வேகமாப் போனாத்தான் ஜெட்டுல இருந்து பெட்ரோலைத் தூக்கும்."

பையன் விடவில்லை. வெபர் 40 இரண்டு பக்கவாட்டில் போடலாமா என்றான். சிலிண்டருக்கு ஒரு தொண்டை, பந்தயத்துக்கு அருமை, செட்டிபாளையம் ஓடுபாதையில் சுற்றுகிறவர்களுக்கு வேண்டியதுதான். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறுகிறவனுக்கு வேண்டியது அடி வேகத்து இழுவை. அப்படியானால் வெபர் 32/36 என்று இறங்கி வந்தான். 32 மில்லிமீட்டர்த் தொண்டை முதலில் திறக்கும், காலை அழுத்தினால் 36 திறக்கும். அது நியாயமான யோசனை. ஆனால் மச்சான் காரில் ஏற்கெனவே இருந்ததும் இரட்டைத் தொண்டைதான். பெரியவர் அதைக் கழற்றி, திராட்டில் தண்டை இரண்டு விரலால் ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஆடியது. அந்த இடுக்கு வழியே திருட்டுக் காற்று நுழைவதுதான் பழைய கார்புரேட்டர்களின் தீராத வியாதி. புஷ் அடித்துத் தண்டை மாற்றினால் போதும்.

ஜெட்டை மட்டும் ஓர் அளவு பெரிதாக்கச் சொன்னார். இப்போது பங்க்கில் ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை வால்வைச் சுட்டுவிடும். மலை மேல் காற்று மெலிவதால் கலவை தானே கனக்கும். அது இன்ஜினைக் கெடுக்காது, கொஞ்சம் புகையும், அவ்வளவுதான். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் அரித்துவிடும் என்பதால் அவற்றையும் மாற்றியாயிற்று.

கஷ்டம் எக்ஸாஸ்டில்தான் வந்தது. பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் மூன்றாம் சிலிண்டர் அருகே விரிசல். எதையாவது செய்தே ஆக வேண்டும். நாலு குழாய்களை ஜோடி ஜோடியாக, ஒன்றையும் நாலையும், இரண்டையும் மூன்றையும் சேர்த்து, பிறகு ஒன்றாக்கும் குழாயே இந்தக் காருக்குப் பொருத்தம் என்பதில் பெரியவருக்கும் பையனுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஒரு சிலிண்டரின் புகை ஓடுகிற வேகத்தில் பின்னால் உண்டாகும் இழுப்பு, அடுத்ததின் கழிவையும் இழுத்துப் போகும். நாலும் ஒரே இடத்தில் கூடினால் பலன் உச்ச வேகத்தில். ஜோடியாகக் கூடினால் நடு வேகத்தில். விரிசலை ஒட்ட வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். நானும் தலையாட்டிவிட்டுத்தான் அக்காவிடம் போனேன்.

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"சத்தம் மாறுமா தம்பி?" என்றாள்.

மாறும் என்றேன். மெல்லிய குழாய் கணீரென்று ஒலிக்கும். கனத்த வார்ப்பிரும்பு சத்தத்தை விழுங்கிக்கொள்ளும்.

"உங்க மச்சான் தெருமுக்குல திரும்புறப்பவே அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதுக்கப்புறந்தான் தோசைக்கல்லை அடுப்புல வெப்பேன். இருபது வருசம். ஒரு நாளும் ஆறின தோசை தின்னதில்லை அந்த மனுசன்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடியும் காயை நறுக்கத் தொடங்கினாள். நான் பையனிடம் இதை அப்படியே சொன்னேன். அவனுக்குத் தெரியாதாம். வெகு நேரம் ஒன்றும் பேசாமல் அந்த விரிசல் விழுந்த இரும்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழி சொன்னவர் பெரியவர்தான். பம்பு செட்டுகளை வார்த்து நாடெங்கும் அனுப்புகிற கோயமுத்தூரில் ஒரு மேனிஃபோல்டு வார்க்க ஆள் கிடைக்காதா? பழையதை அப்படியே மணலில் பதித்து வார்க்க முடியாது. இரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சுருங்கும். ஒன்றேகால் அடி நீளத்தில் அது நாலு மில்லிமீட்டர். போல்ட் துளை ஒன்றும் சேராது. அந்தச் சுருக்கத்தையும் சேர்த்து மரத்தில் அச்சுச் செய்ய வேண்டும். பீளமேட்டுப் பக்கம் ஓர் ஆசாரி தேக்கில் செய்து கொடுத்தார். பார்த்தால் கோயில் வாகனத்தின் விரல்கள் மாதிரி இருந்தது. செலவு குழாயைவிடக் கூட. அதை அக்கா கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

வார்ப்பு வந்த அன்று பையன் அதன் உள்வாயில் விரல் விட்டுப் பார்த்தான். மணல் பதிந்து சொரசொரவென்று இருந்தது.

"ஏனுங்க, உள்ளே மட்டும் தேய்ச்சு வழவழன்னு பண்ணிக்கலாமுங்களா? புகை கொஞ்சம் லேசாப் போகுமில்ல?"

பெரியவர் என்னைப் பார்த்தார்.

"தேய்ச்சுக்கங்க கண்ணு. சத்தத்துல ஒண்ணும் தெரியாது" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தான்.